எல்க் வேட்டைக்கு ஃபேக்டரி போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்ல எதை மாத்தினா பிரயோஜனம்?

மலையேறி எழுதியது:

வணக்கம் மக்களே. கொலராடோல மூணாவது ரைபிள் சீசனுக்கு எல்க் (பெரிய மான் வகை) டேக், அதாவது வேட்டை அனுமதி, எடுத்திருக்கேன். இதுவரைக்கும் மான் வேட்டைதான் போயிருக்கேன், எல்க் இதுதான் முதல் தடவை. கையில இருக்கறது சாதாரண போல்ட் ஆக்‌ஷன், 30-06ங்கற தோட்டா அளவு, 22 இன்ச் பேரல், கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக், கூடவே காம்போவா வந்த 3-9×40 ஸ்கோப் (3லேருந்து 9 மடங்கு பெரிசா காட்டும், முன்கண்ணாடி 40 மிமீ). வாங்கினது எப்படியோ அப்படியே இருக்கு, ஒரு ஸ்க்ரூ கூட மாத்தல.

பெஞ்சுல மணல் மூட்டை மேல வெச்சு 100 யார்டுல சுட்டா மூணு தோட்டாவும் ஒன்றரை இன்ச்சுக்குள்ள விழுது. ஆனா பைபாட் (முன்னாடி மாட்டற ரெண்டு கால் தாங்கி) மாட்டி படுத்து சுட்டா அதே தோட்டா ரெண்டு இன்ச் தள்ளி வேற இடத்துல போய் விழுது, அது ஏன்னு புரியல. ட்ரிக்கர் ரொம்ப கனம், ஆறு பவுண்டு இருக்கும்னு நினைக்கறேன், இழுக்கும்போது நடுவுல கரகரன்னு ஒரு உறுத்தல் வேற. பத்துப் பதினஞ்சு ரவுண்டு சுட்டதும் தோள் வலி எடுத்து அடுத்த ஷாட்டுக்கு தானா கண்ணை மூடிடறேன்.

இதுல எதை மாத்தினா உண்மையிலேயே பலன் இருக்கும்? வீடியோ பாத்தா ஆளாளுக்கு சாஸி (அலுமினிய ஸ்டாக்)ங்கறாங்க, கார்பன் பேரல்ங்கறாங்க, மஸில் பிரேக் (உதையைக் குறைக்க பேரல் வாயில மாட்டறது)ங்கறாங்க, ஒருத்தர் 30-06 எல்லாம் தாத்தா காலத்து ரவுண்டு, இன்னும் பலமான 300 வின் மேக் தோட்டாவுக்கு போயிடுங்கறாரு. எனக்கு 600, மிஞ்சிப்போனா 700 டாலர்தான் ஒதுக்க முடியும், அதுக்குள்ளயே தோட்டா செலவும் வரணும். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஊசியிலைக்காடு எழுதியது:

முதல்ல ரவுண்டு விஷயத்தை முடிச்சிடலாம். 1906லேருந்து இருக்கற ரவுண்டுதான், அதனால எல்க் ஒண்ணும் அதுக்கு பழகிப்போயிடல. கொலராடோ சட்டம் எல்க்குக்கு கேக்கறது குறைஞ்சது 24 காலிபர் (0.24 இன்ச் விட்டம்), 85 க்ரெய்ன் (எடை அளவு) குண்டு, 100 யார்டுல 1000 ஃபுட்-பவுண்டு எனர்ஜி. 180 க்ரெய்ன் 30-06 300 யார்டுல கூட 1800 சுமாருக்கு வெச்சிருக்கும். 300 வின் மேக் வாங்கினா உதை இன்னும் ஏறும், இப்பவே கண்ணை மூடறவருக்கு அது நல்லதுக்கில்ல. ரவுண்டை மாத்தாதீங்க.

அடுத்தது குறி. ஒன்றரை இன்ச் க்ரூப் எல்க்குக்கு தாராளம். 300 யார்டுல அது நாலரை இன்ச் ஆகும், எல்க்கோட நெஞ்சுல நுரையீரலும் இதயமும் இருக்கற இடம் குறுக்கால ஒரு அடிக்கு மேல. அதனால பேரல் மாத்தறது, கார்பன் பேரல் போடறது எல்லாம் உங்களுக்கு வேண்டாத செலவு. சாஸி ரேஞ்சுல படுத்து சுட நல்லா இருக்கும். பத்தாயிரம் அடி உயரத்துல மூச்சு வாங்க ஏறும்போது அந்த கூடுதல் கனம் ஒவ்வொரு அடியிலயும் தெரியும், நவம்பர் குளிர்ல அந்த அலுமினியத்துல கன்னத்தை வெச்சுப் பாத்தா அப்புறம் அந்த ஆசையே வராது. போல்ட் நாப், ஃப்ளூட் வெட்டின போல்ட், பெரிய மேகஸின் எல்லாம் அழகுக்கு, விட்டுடுங்க.

என்னைக் கேட்டா முதல் காசு குண்டுக்குப் போகணும். பலரும் இதை அப்கிரேடா கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க, ஆனா எல்க்கைத் தொடப்போறது அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதை அங்க கொண்டுபோய் சேக்கறதுக்குத்தான். மானுக்கு சுடற சாதா கப்-அண்ட்-கோர் (ஈயத்து மேல செம்பு உறை போட்ட) குண்டு எல்க் தோள் எலும்புல பட்டா சிதறிப்போய் உள்ள இறங்காம நின்னுட வாய்ப்பு இருக்கு. நோஸ்லர் பார்ட்டிஷன்னு ஒண்ணு இருக்கு, ஜான் நோஸ்லர் மூஸ் வேட்டையில குண்டு உள்ள போகலன்னுதான் நடுவுல ஒரு தடுப்பு வெச்சு அதைப் பண்ணினாரு, 1948லேருந்து விக்குது, இன்னிக்கும் எல்க்குக்கு கண்ணை மூடிட்டு வாங்கலாம். இல்லன்னா அக்யூபாண்ட், இல்லன்னா முழு செம்புல வர பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ். செம்புன்னா 165, 168 க்ரெய்னே போதும், ஏன்னா அது எடையை இழக்காம உள்ள போகும். ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், அதனால ரெண்டு மூணு வகை ஒவ்வொரு பெட்டி வாங்கி சுட்டுப் பாத்து, நல்லா விழறதை ஒரே லாட் நம்பர்ல (ஒரே தடவை தயாரானது) மொத்தமா வாங்கி வெச்சுக்கங்க.

ரெண்டாவது ட்ரிக்கர். ஏழெட்டு பவுண்டு ரைபிளை ஆறு பவுண்டு விசையால இழுத்தா ரைபிளே சேந்து அசையும், நீங்க என்னதான் பழகினாலும் அது போகாது. மூணு பவுண்டு சுமாருக்கு, நடுவுல உறுத்தாம கண்ணாடி உடையற மாதிரி டக்குனு விடற ட்ரிக்கர் வேணும். ரேஞ்ச்காரங்க மாதிரி ஒரு பவுண்டுக்கு இறக்காதீங்க, கையுறை போட்ட மரத்துப்போன விரலுக்கு அது ஆபத்து. டிம்னி, ட்ரிக்கர்டெக் ரெண்டுமே நல்லது, உங்க மாடலைப் பொறுத்து 150லேருந்து 200 டாலருக்குள்ள கிடைக்கும். ஆனா உங்களது சாவேஜ் கம்பெனி ரைபிளா இருந்து அக்யூட்ரிக்கர் இருந்தாலோ, டிக்கா டி3எக்ஸா இருந்தாலோ காசு செலவு பண்ணாதீங்க, ஃபேக்டரி ட்ரிக்கரையே ஸ்க்ரூ திருப்பி இறக்கிக்கலாம். பழைய ரெமிங்டன் 700 யாராவது செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வெச்சிருந்தீங்கன்னா ஒரு விஷயம், 2006 மே மாசத்துலேருந்து 2014 ஏப்ரல் வரைக்கும் தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கருக்கு 2014ல ரீகால் (கம்பெனியே திரும்ப வாங்கி சரி பண்ற அறிவிப்பு) வந்துச்சு, இழுக்காமலே வெடிக்கலாம்னு. அந்த காலத்து ட்ரிக்கரா, சரி பண்ணினதான்னு பாக்காம அதுல தோட்டா போடாதீங்க.

புது ட்ரிக்கர் போட்டதும் காலி ரைபிள்ல, சேம்பரை (தோட்டா உக்கார்ற இடம்) ரெண்டு தடவை பாத்துட்டு, போல்ட்டை வேகமா அடிச்சு மூடிப் பாருங்க, ஸ்டாக் அடியை ரப்பர் மேட்ல தட்டிப் பாருங்க, சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்து விட்டுட்டு சேஃப்டியை எடுத்துப் பாருங்க. இதுல எதுலயாவது ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கற ஊசி) விழுந்தா ஸ்க்ரூவைத் திருகி சமாளிக்கப் பாக்காம நேரா கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி பழுது பாக்கறவர்) போயிடுங்க.

பெஞ்ச்_ரெஸ்ட் எழுதியது:

மேல அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனா பைபாட் போட்டா குறி தள்ளிப்போகுதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அங்கதான் உங்க ரைபிளோட நோயே இருக்கு, அதை யாரும் தொடல. ட்ரிக்கருக்கு முன்னாடி நான் இதைத்தான் பாப்பேன்.

ஒரு டாலர் நோட்டை எடுத்து பேரலுக்கும் ஸ்டாக்கோட முன்பகுதிக்கும் நடுவுல நுனியிலேருந்து சொருகி ரெண்டு கையாலயும் பிடிச்சு, போல்ட் இருக்கற நடுப்பகுதியான ஆக்‌ஷன் வரைக்கும் இழுத்துட்டு வாங்க. தடங்கல் இல்லாம வந்துச்சுன்னா அதோட நிறுத்திடாதீங்க, இப்ப பைபாடை மாட்டி, படுத்து, நீங்க சுடும்போது எவ்வளவு சாய்வீங்களோ அவ்வளவு சாய்ஞ்சுட்டு, கூட இருக்கறவரை நோட்டை இழுக்கச் சொல்லுங்க. மாட்டிக்கும்னு நினைக்கறேன். விலை கம்மியான ரைபிள்ல வர இஞ்செக்‌ஷன் மோல்டு ஸ்டாக் முன்பக்கம் ரொம்ப நெகிழும், கட்டைவிரலால அழுத்தினாலே பேரலைத் தொடும். பெஞ்சுல மணல் மூட்டை ஆக்‌ஷனுக்கு கிட்ட இருக்கறதால தெரியல, பைபாட் நுனியில இருக்கறதால எடை மொத்தமும் அங்க இறங்கி ஸ்டாக் வளைஞ்சு பேரலைத் தள்ளுது, தோட்டா வேற இடத்துக்கு போகுது. மலையில நீங்க ரைபிளை பேக் மேலயோ மரக்கட்டை மேலயோ பாறை மேலயோதான் வைக்கப்போறீங்க, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி அடிக்கும்.

இதுக்கு ரெண்டு வழி. நல்ல ஃபைபர்கிளாஸ் ஸ்டாக் வாங்கினா 300, 400 டாலர் ஆயிடும், உங்க பட்ஜெட்ல பாதி போச்சு. ரெண்டாவது வழி உக்காந்து வேலை பாக்கறது. உருண்டைக் கம்பில உப்புத்தாள் சுத்தி பேரல் சேனலை ரெண்டு பக்கமும் தேய்ச்சு இடைவெளியை அதிகமாக்குங்க, ஒரு நோட்டு போற இடத்துல மூணு நாலு நோட்டு மடிச்சு போகணும். அப்புறம் முன்பகுதிக்குள்ள தேன்கூடு மாதிரி குழி குழியா இருக்கும், அதுல பழைய கார்பன் அம்புத்தண்டை ரெண்டு துண்டா வெட்டி நீளவாக்குல படுக்க வெச்சு எபாக்ஸி ஊத்தி நிரப்பிட்டா நல்லா விறைச்சுக்கும். சில அவுன்ஸ் கனம் கூடும், பரவால்ல. எபாக்ஸி ஊத்தறதுக்கு முன்னாடி உள்பக்கத்தை சொரசொரப்பா கீறி ஆல்கஹால்ல துடைக்கணும், இல்லன்னா அந்த பிளாஸ்டிக்ல எதுவும் ஒட்டாது, ஒரு குளிர்காலம் போனா முழுசா கழண்டு வந்துடும்.

ரீகாயில் லக் (உதையை ஸ்டாக்குக்கு கடத்தற இரும்புக் கட்டி) உக்கார்ற இடத்துல பெட்டிங், அதாவது எபாக்ஸி ஊத்தி அச்சா பொருந்த வைக்கறது, அடுத்த கட்டம். ஆக்‌ஷன் ஸ்க்ரூ போற ஓட்டைக்கு அலுமினிய பில்லர் இருக்கான்னு பாருங்க, இருந்தா கிட் வாங்கி நீங்களே பண்ணலாம், ஐம்பது டாலருக்குள்ள முடிஞ்சிடும். ரிலீஸ் ஏஜென்ட்டை ஒரு இடம் விடாம பூசுங்க, ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளயும் சேத்து, ஏன்னா எபாக்ஸி பிடிச்சுக்கிட்டா ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் ஒரே துண்டா ஆயிடும். பயமா இருந்தா கன்ஸ்மித்கிட்ட குடுத்துடுங்க.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி ஒரு டார்க் ஸ்க்ரூட்ரைவர் வாங்குங்க, இன்ச்-பவுண்டு கணக்குல திருகற மாதிரி, 60, 70 டாலர். ஆக்‌ஷன் ஸ்க்ரூ, ஸ்கோப் பேஸ், ரிங் மூணையும் கம்பெனி மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு முறுக்கிட்டு மறுபடி ரேஞ்சுக்கு போங்க. காம்போல வர ரைபிள்ல ஸ்கோப்பைக் கழட்டி மறுபடி ஒழுங்கா மாட்டறதே பெரிய அப்கிரேடுதான். பேஸ் ஸ்க்ரூவை எடுத்து எண்ணெய் பிசுக்கு போக துடைச்சு, ஒரு சொட்டு நீல லாக்டைட் வெச்சு முறுக்குங்க. ரிங் மேல்மூடிக்கு 15லேருந்து 18 இன்ச்-பவுண்டுதான், கையால இறுக்கறவங்க எல்லாரும் அதுக்கு மேல போய் ஸ்கோப் குழாயையே நசுக்கிடறாங்க.

கல்கரிக்காரன் எழுதியது:

தம்பி, நான் அல்பேர்ட்டா பக்கம் எல்க்குக்கு போறனான், எங்கட நவம்பர் உங்கட நவம்பரை விட மோசமா இருக்கும், அதால குளிரைப் பற்றியும் உதையைப் பற்றியும் மட்டும் சொல்லுறன், மற்றதெல்லாம் மேல வடிவா சொல்லிப்போட்டினம்.

மஸில் பிரேக் போடாதைங்கோ. உதை குறையும் எண்டது உண்மைதான், ஆனா 30-06 சும்மாவே 160 டெசிபல் கிட்ட சத்தம் போடும், பிரேக் போட்டா அந்த சத்தம் பின்னால உங்கட காதுக்கும் பக்கத்தில நிக்கிற ஆளின்ர காதுக்கும் திரும்பி வரும். வேட்டையில காது மூடி போட்டுக்கொண்டு ஒருத்தரும் நடக்கிறேல்லை, எல்க் வந்த உடன அதைத் தேடி எடுத்து மாட்டவும் நேரமிருக்காது. ஒரு வெடியோட காதில இரைச்சல் தொடங்கினா அது ஆயுளுக்கும் போகாமலே இருக்கலாம். சில கைட்மார் பிரேக் போட்ட ரைபிளைக் கொண்டுவர வேண்டாம் எண்டே சொல்லுவினம், அவையள்ல பிழை இல்லை.

அதுக்குப் பதிலா 30, 40 டாலருக்கு நல்ல மெத்தையான ரீகாயில் பாட், லிம்ப்சேவரோ பாக்மைர் டிசெலரேட்டரோ, வாங்கிப் போடுங்கோ. போடேக்க ஸ்டாக்கின்ர நீளத்தையும் பாருங்கோ. குளிருக்கு தடிச்ச ஜாக்கெட் போட்டுக்கொண்டு தோளில வைக்கேக்க நீளம் கூடிப்போனா கண் ஸ்கோப்புக்கு சரியா வராது, மேட்டுப்பக்கம் பார்த்து வெடி வைக்கேக்க கண் கிட்டப்போய் ஸ்கோப் நெத்தியில அடிக்கும். அதால வீட்டில டீஷர்ட்டோட அளக்காமல், வேட்டைக்குப் போடுற உடுப்போட அளவுங்கோ. ரேஞ்சில பழகேக்க தோளுக்கும் பாட்டுக்கும் இடையில ஒரு சின்ன மணல் பையை வச்சு சுடுங்கோ, உதை நல்லா குறையும், கண் மூடுற பழக்கமும் மெல்ல மெல்ல போகும்.

குளிருக்கு செய்ய வேண்டியது காசில்லாத வேலை, ஆனா கட்டாயம் செய்ய வேணும். போல்ட்டைக் கழட்டி உள்ள இருக்கிற ஃபயரிங் பின், ஸ்ப்ரிங் எல்லாத்தையும் சொல்வென்ட் போட்டு கழுவி, ஃபேக்டரியில பூசின கிரீஸ் முழுக்கப் போகவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கில்லாத காய்ஞ்ச மசகு எதையாவது கொஞ்சமா போடுங்கோ. தடிச்ச எண்ணெய் -20 செல்சியஸில களி மாதிரி இறுகி பின் மெல்லமா விழும், பிரைமர் வெடிக்காது. பேரல் வாயில கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிப்போட்டு நடவுங்கோ, பனியில விழுந்தாலும் உள்ள பனி போகாது. சுடேக்க அதைக் கழட்டத் தேவையில்லை, குண்டு வர முன்னமே அதுக்கு முன்னால இருக்கிற காத்து டேப்பைக் கிழிச்சுப்போடும், குறி மாறாது. ராத்திரி ரைபிளை சூடான கூடாரத்துக்குள்ள கொண்டுபோகாதைங்கோ, கண்ணாடியிலயும் போல்ட்டிலயும் வேர்த்து, காலமை வெளியில எடுக்க உறைஞ்சிடும். வெளியில வாகனத்தில பூட்டி வையுங்கோ, சேம்பர் வெறுமையா இருக்க வேணும்.

மலையேறி எழுதியது:

நோட்டு வெச்சுப் பாத்தேன் அண்ணே, சும்மா வெச்சா சரசரன்னு வருது, பைபாட்ல சாய்ஞ்சதும் நடுவுல நின்னுடுச்சு. அப்ப ஸ்டாக் வேலைதான் முதல்ல. ரெண்டு கேள்வி. இந்த காம்போ ஸ்கோப்பை வெச்சுக்கலாமா, மாத்தணுமா? உதைக்கும் காதுக்கும் சப்ரசர் (பேரல் நுனியில மாட்டற சத்தம் குறைப்பி) போட்டா என்ன?

ஊசியிலைக்காடு எழுதியது:

பெஞ்ச்_ரெஸ்ட் சொன்னது சரி, பைபாட் விஷயத்தை நான் இன்னும் கவனமா படிச்சிருக்கணும். ஸ்டாக்கை முதல்ல முடிங்க, அதுக்கப்புறம் ட்ரிக்கர்.

சப்ரசர் நல்ல பொருள், சத்தம் 20லேருந்து 30 டெசிபல் இறங்கும், உதையும் குறையும், கொலராடோல வேட்டைக்கு அனுமதியும் உண்டு. ஃபெடரல் வரி 200 டாலர் இருந்தது, 2026 ஜனவரி 1லேருந்து அது பூஜ்யம், ஆனா பேப்பர் வேலை, கைரேகை, அனுமதி எல்லாம் அப்படியேதான் இருக்கு. பேரல் நுனியில த்ரெட் (மரை) இல்லன்னா அதுக்கு தனியா கன்ஸ்மித் செலவு. சப்ரசர் விலையே உங்க பட்ஜெட்ல பெரும்பகுதியை முழுங்கிடும், அதனால இந்த வருஷத்துக்கு வேண்டாம்.

ஸ்கோப்பை சோதிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க. ஜீரோ வெச்சுட்டு (குறி பாக்கற இடத்துலயே தோட்டா விழற மாதிரி சரி பண்ணிட்டு) டரெட்டை (ஸ்கோப்போட குறி திருத்தற திருகு) மேல 20 க்ளிக், வலது 20, கீழ 20, இடது 20 திருப்பி ஒவ்வொரு மூலையிலயும் ஒரு தோட்டா சுடுங்க, கடைசி தோட்டா முதல் ஓட்டைகிட்டயே விழுந்தா, பவர் மாத்தினாலும் குறி நகரலன்னா, மஞ்சள் வெயில் இறங்கற நேரத்துல 200 யார்டுல மரக்கிளை தனித்தனியா தெரிஞ்சா, இந்த சீசனுக்கு அதையே வெச்சுக்கங்க. எல்க் வெளிய வரது விடியும்போதும் இருட்டும்போதும்தான், அந்த கடைசி அரை மணி நேரம் கண்ணாடி எப்படி இருக்குங்கறதுதான் கணக்கு. சோதனையில தோத்துச்சுன்னா ட்ரிக்கரைத் தள்ளி வெச்சுட்டு ஸ்கோப்பை வாங்குங்க. அப்பவும் 3-9×40 போதும், லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 300 டாலர் கிட்ட வரும். 5-25 எல்லாம் தூக்கிட்டு போனா அடர்ந்த காட்டுக்குள்ள 40 யார்டுல எல்க் எழுந்து நிக்கும்போது ஸ்கோப் முழுக்க பழுப்பு முடிதான் தெரியும். நடக்கும்போது எப்பவும் 3லயே விட்டு வைங்க.

180 க்ரெய்ன் தோட்டாவை 100 யார்டுல ரெண்டு இன்ச் மேல விழற மாதிரி வெச்சா 200ல நேரா அடிக்கும், 300ல எட்டு ஒன்பது இன்ச் கீழ, 400ல ரெண்டு அடி கீழ. மணிக்கு 10 மைல் பக்கவாட்டுக் காத்து 300 யார்டுல ஆறேழு இன்ச் தள்ளும். அதனால முதல் எல்க்குக்கு 300ஐ உங்க எல்லையா வெச்சுக்கங்க, அதுக்கு மேல இருந்தா நடந்து கிட்ட போங்க. மிச்சக் காசு மொத்தமும் பழக்கத்துக்கு. பெஞ்சை விட்டு எழுந்து, ஸ்டிக் வெச்சு முட்டி போட்டு, பேக் மேல படுத்து, ஓடி வந்து மூச்சு இரைக்கும்போது, இப்படி சுடுங்க. வீட்டுல காலி ரைபிள்ல தினம் பத்து நிமிஷம் ட்ரை ஃபயர் பண்ணினா ட்ரிக்கரும் கையும் ஒட்டிக்கும்.

புதுசு எழுதியது:

இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். நான் எச்1பில இருக்கேன், எனக்கும் வேட்டைக்கு போக ஆசை. ரைபிள் வாங்க முடியுமா?

ஊசியிலைக்காடு எழுதியது:

விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சுக்க ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு, ஆனா அமெரிக்காவுல ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த ஹன்டிங் லைசென்ஸ் கையில செல்லுபடியா இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் முடிஞ்ச நாள் விலக்கும் முடிஞ்சிடும், அதனால ரைபிள் வீட்டுல இருக்கற வரைக்கும் லைசென்ஸ் விடாம புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். மாநில சட்டம் தனியா பாக்கணும். வேலை, விசா ரெண்டும் இதுல மாட்டியிருக்கறதால ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. கொலராடோல 1949 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்கு பொதுவா ஹன்டர் எஜுகேஷன் கார்டு இல்லாம லைசென்ஸ் கிடையாது, முதல்ல அந்த வகுப்புல சேருங்க.

பெஞ்ச்_ரெஸ்ட் எழுதியது:

மலையேறி, உங்க கணக்கு இப்படி வரும் பாருங்க. எபாக்ஸி, பெட்டிங் சாமான் 50, டார்க் ட்ரைவர் 65, பாட் 40, ட்ரிக்கர் 170, தேவைப்பட்டா நல்ல ரிங்கும் பேஸும் 80. நானூறு சுமாருக்கு வந்து நிக்குது. மிச்சம் இருக்கற ரெண்டு மூணு நூறும் தோட்டாதான். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒண்ணை மாத்திட்டு ரேஞ்சுக்கு போய் பாத்துட்டு அடுத்ததை மாத்துங்க, அப்பதான் எது என்ன பண்ணுச்சுன்னு தெரியும். மெலிசு பேரல், மூணு ஷாட்டுக்கு மேல தொடர்ந்து சுடாதீங்க, கை வெச்சா சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். வேட்டையில முக்கியம் ஆறின பேரல்லேருந்து போற முதல் தோட்டா, அதை மட்டும் தனியா ஒரு தாள்ல குறிச்சு வைங்க, ஒவ்வொரு தடவை ரேஞ்சுக்கு போகும்போதும் அதே தாளுல முதல் தோட்டாவை சுடுங்க.

செப்டம்பர் முடியறதுக்குள்ள ஸ்க்ரூட்ரைவரை உள்ள வெச்சுடுங்க, அதுக்கப்புறம் எதையும் கழட்டக் கூடாது. மலைக்கு ஓட்டிட்டுப் போனதும் கேம்ப் போடறதுக்கு முன்னாடி சுட அனுமதி இருக்கற இடமா, பின்னாடி மண்மேடு இருக்கற இடமா பாத்து ரெண்டு தோட்டா சுட்டு ஜீரோ நகரலன்னு பாத்துக்கங்க, வழியில ரைபிள் கேஸ் எங்க இடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது, உயரமும் குளிரும் மாறினா விழற இடமும் கொஞ்சம் மாறும். ஆரஞ்சு உடுப்பு இடுப்புக்கு மேல 500 சதுர இன்ச், தொப்பியும் சேத்து, அதை மறந்துடாதீங்க. ஸ்டாக் வேலை முடிஞ்சதும் பைபாட்ல சுட்ட க்ரூப் போட்டோ இங்க போடுங்க, பாத்துட்டு ட்ரிக்கருக்கு போகலாமான்னு சொல்றேன்.